மாயக்காள் சொன்ன குட்

மாயக்காள் பதினெட்டு வருஷம் 'நல்ல' என்ற சொல்லை வாயில் எடுக்காமலேயே குடித்தனம் நடத்தினாள். இது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல் நமக்கு வேண்டியிருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், காலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் தோற்றுப்போவீர்கள். அவள் தோற்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, அவள் புருஷன் பெயர் நல்லாண்டி.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம். வேதக்காரர்களான எங்களையும் அது விடவில்லை. என் அப்பா பெயர் இருதயநாதன். கோயிலில் எல்லோரும் சேர்ந்து 'சேசுவின் திரு இருதயமே' என்று ஜெபிக்கும்போது அந்த இடம் வந்ததும் என் அம்மா இருமுவார். முப்பது வருஷம் தவறாமல் இருமினார். சாமியார் ஒருமுறை அவருக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் என் அம்மாவெல்லாம் மாயக்காளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவள் பெயரோடு நிற்காமல், பெயரின் தலையில் உட்கார்ந்திருக்கிற 'நல்ல'வையும் சேர்த்தே கைகழுவிவிட்டாள். நல்லெண்ணெய் அவளுக்கு எள்ளெண்ணெய். நல்லதண்ணிக் குழாய், குடிக்கிற தண்ணிக் குழாய். நல்லபாம்பைப் பற்றிப் பேச நேர்ந்தால் உள்ளங்கையைக் குவித்துப் படம் எடுத்துக் காட்டிவிட்டு மேலே பேசுவாள். நல்ல நாளுக்கு, 'பஞ்சாங்கம் சரின்னு சொன்ன நாளு'. எந்தக் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும், எந்தப் புடவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான், "மோசமில்ல." அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நான் இஞ்ஞாசியம்மாள். நர்ஸ் படிப்பை முடித்துக்கொண்டு ஐம்பத்தேழாம் வருஷம் திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துக் கட்டில், ஒரு நீள வராந்தா, பின்பக்கம் துணி துவைக்கிற கொட்டகை. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அதை நடத்திய டாக்டரம்மா பம்பாய்ப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர், முன்கோபி. வந்து நாலு வருஷமாகியும் தமிழ் அவரிடம் ஒட்டவில்லை. 'முக்கு', 'மூச்சு விடு', 'பயம் வேணாம்' என்ற மூன்றை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

நல்லாண்டி ரயில்வே ஸ்டேஷன் முன்னால் குதிரைவண்டி ஓட்டினார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றி வருவதில் அவருக்கு ஊருக்குள் தனிப் பெயர். பள்ளம் மேடு பார்த்து, குதிரையோடு ஓயாமல் பேசிக்கொண்டே, நடப்பதைவிட மெதுவாக ஓட்டி வருவார். அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. ஒருநாள் டாக்டரம்மாவிடம் கையைக் காலை ஆட்டிப் பேசி, தன் பெண்டாட்டிக்கு ஆயா வேலை கேட்டார். ஆறு மாசம் பார்க்கலாம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்று டாக்டரம்மா சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்.

மாயக்காள் அப்படித்தான் வந்தாள். முப்பத்தைந்து வயது, நெடுநெடு என்று உயரம், கை படு சுத்தம். வந்த பத்தாம் நாளே பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டித் துணி சுற்றுவதில் எனக்கே பாடம் சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பிள்ளை பிறந்ததும் வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேதி சொல்வதும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவின் வேலை. அதைச் செய்யப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொள்வாள், தலையை ஒதுக்கிக்கொள்வாள், கல்யாணப் பந்தலுக்குள் நுழைகிற மாதிரி போவாள்.

ஏன் என்று ஒரு மத்தியானம் அவளே சொன்னாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "எங்க ஊருல பிள்ளை பெத்த வீட்டுப் பக்கம் என்னயக் கூப்புட மாட்டாங்க நர்சம்மா. நானும் போக மாட்டேன். இங்க என்னடான்னா நான்தான் மொதல்ல தூக்குறேன், நான்தான் மொதல்ல சொல்றேன். இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேறென்ன இருக்கு?" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, போர்வை மடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதல் மூன்று மாசம் சின்னச் சின்னப் பிரசவங்கள், பக்கத்துத் தெரு ஆட்கள். மாயக்காள் போய் 'ஆம்பளப் புள்ள' 'பொம்பளப் புள்ள' என்றால் அவர்களே உள்ளே வந்து பார்த்துவிடுவார்கள். வினை ஆத்தூரிலிருந்து வந்தது.

ஆத்தூர்ப் பெரியகருப்பன் வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு மாட்டு வண்டி நிறைய ஆட்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு தூக்குச் சட்டி நிறைய சோற்றுக்கு வெஞ்சனம், பாய், தலையணை எல்லாவற்றோடும் வராந்தாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை நாள் இழுத்தடித்துப் பையன் பிறந்தான். ஏழரைப் பவுண்டு, கத்தின கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது. மாயக்காள் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பெரியகருப்பன் எழுந்து வந்து கேட்டார், "ஏம்மா, எங்க மருமக எப்படியிருக்கா?"

"மோசமில்ல," என்றாள் மாயக்காள், முகமெல்லாம் சிரிப்பாக.

"புள்ள?"

"அதுவும் மோசமில்ல."

ஒன்றரை நாள் கண் மூடாத மனுஷனுக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை, 'மோசம்' மட்டும்தான் காதில் நின்றது. அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். "ஐயய்யோ, அப்படியில்ல, மோசமில்ல, மோசமில்ல!" என்று மாயக்காள் கையை ஆட்ட ஆட்ட, ஒப்பாரி கூடிக்கொண்டே போனது. உள்ளே பெற்றவள் தன்னைப் பற்றித்தான் அழுகிறார்கள் என்று தெரியாமல், "யாரு நர்சம்மா செத்துப்போனது?" என்று என்னைக் கேட்டாள். நான் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பெரியகருப்பன் மடியில் வைத்தேன். அவன் தாத்தா வேட்டியை நனைத்த பிறகுதான் கூட்டம் அடங்கியது.

டாக்டரம்மா கோபத்தில் சிவந்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் மாயக்காளுக்கு வார்டில் இடமில்லை, துணி துவைக்கிற கொட்டகைதான் என்றார். நான் தமிழில் சொன்னேன். 

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன் மாயக்கா, அந்தச் சொல்லு வேணாம்னா வேற சொல்லா இல்ல? 'சொகமா இருக்காங்க'ன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஐயோ, அது ஆகாது நர்சம்மா. மதுரை மீனாச்சி புருசன் பேருதான் எங்க மாமனாருக்கு."

"சொக்கனா? சொக்கனுக்கும் சொகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"பக்கத்துல போயிருதுல்ல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாமனார் செத்துப் பதினொரு வருஷம். ஆயுசு குறைவதற்கு அவரிடம் மிச்சம் ஏதும் இல்லை. சொன்னேன், அவள் கேட்கவில்லை.

வழி அவளிடமிருந்தே வந்தது. இரண்டு நாள் கழித்து வெந்நீர் கொண்டு வந்தவள் கேட்டாள், "நர்சம்மா, டாக்டரம்மா பிள்ளையப் பாத்ததும் குட்டு குட்டுங்கறாங்களே, அது என்னா?"

நான் விளக்கினேன். பிள்ளையைச் சோதித்து முடித்ததும் டாக்டரம்மா சொல்வது. உடம்பில் குறையில்லை, மூச்சு சரி, எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப, நான் சொல்லக் கூடாத சொல்லோட அர்த்தம்தானா?"

"ஆமா."

மாயக்காள் யோசித்தாள். ஒரு பகல் முழுக்க யோசித்தாள். அர்த்தம் ஒன்றாக இருந்தால் அதுவும் புருஷன் பெயர் ஆகிவிடாதா என்பது அவள் சந்தேகம். கடைசியில் சாயங்காலம் வண்டியோடு வந்த நல்லாண்டியிடமே கேட்டோம். அவர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னார், "எங்க ஆத்தா எனக்கு இங்கிலீசுலயா பேரு வச்சா? தமிழ்லதான வச்சா. நீ தாராளமா சொல்லு தாயி. என் ஆயுசுக்கு நான் பொறுப்பு."

அவ்வளவுதான், அணை உடைந்தது. பதினெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் ஒரு வாரத்தில் சொல்லித் தீர்த்தாள். மருந்து டப்பா அட்டைகளில் நான் சொற்களை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தமிழில்தான் எழுதினேன். மதர் இஸ் குட். பேபி இஸ் குட். மில்க் இஸ் குட். வாட்டர் இஸ் குட். 'ஃபைன்' என்றும் சொல்லலாம் என்றேன். 'பைன்' என்றால் முனிசிபாலிட்டிக்காரன் வண்டிக்குப் போடுவது, அதைப் பிள்ளை பெற்ற இடத்தில் சொல்லக் கூடாது என்று மறுத்துவிட்டாள். குழம்பு குட், காத்து குட், மழை குட். எங்கள் ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சுகிற ஆரிபா அக்காவை நிறுத்தி, "அக்கா, ஒங்க கஞ்சி இம்புட்டு நாளும் குட்டு. நான்தான் சொல்லல," என்றாள். ஆரிபா அக்கா கரண்டியோடு வந்து, இவளுக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

அவளைத் திருத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதையும் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். 'மதர் இஸ் குட்' என்று பயிற்சிக்குச் சொல்லச் சொன்னால், எந்த மதர் என்பாள். மூணாம் கட்டில் என்றால் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். ஆறாம் கட்டிலுக்குக் காய்ச்சல் என்றால் சொல்லவே மாட்டாள்.

"இது பாடம் மாயக்கா. சும்மா வாக்கியம். உண்மையா இருக்கணும்னு இல்ல."

"பின்ன எதுக்கு அந்தச் சொல்ல எடுக்கணும்?"

காலையில் டாக்டரம்மா 'குட் மார்னிங், மாயக்கா' என்று சொல்லிக்கொண்டு வருவார். பதிலுக்கு 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். மறுநாள் டாக்டரம்மா சொன்னபோது மாயக்காள் வார்டை ஒரு பார்வை பார்த்தாள். ஆறாம் கட்டிலுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. "மார்னிங்," என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா நின்றார். பிறகு நேராக ஆறாம் கட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாயக்காள் வாயில் முழு 'குட் மார்னிங்' வந்தால் டாக்டரம்மா காப்பி குடிக்கப் போவார், வெறும் 'மார்னிங்' வந்தால் வார்டுக்குள் போவார். நான் இரண்டு வருஷம் படித்து வாங்கிய சர்ட்டிபிகேட்டை ஒரு ஆணியில் மாட்டி வைத்துவிட்டு இதையெல்லாம் வேடிக்கை பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வராந்தாவிலும் குட் நன்றாகவே வேலை செய்தது. உயரமான ஒரு பொம்பளை வந்து கணீரென்று 'மதர் இஸ் குட், பேபி இஸ் குட்' என்றால், இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் புரிந்தது. இங்கிலீஷில் சொல்கிறாள் என்றால் டாக்டரம்மாவே சொன்ன மாதிரி என்று ஒரு மரியாதை வேறு. சர்க்கரையை அவள் கையில் அள்ளி வைத்தார்கள்.

ஆறு மாசம் முடிய மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை அவளை நிரந்தரமாக்குகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். புதன்கிழமை காலையில் ரெட்டியார்சத்திரம் சோலைமலை தன் பெண்டாட்டி கண்ணம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தார். இதற்கு முன் இரண்டு பிள்ளை பிறந்து, நன்றாயிருக்கிறது என்று மருத்துவச்சி சொன்ன பிறகும் தங்காத வீடு. சொந்தம் முழுக்க வந்து வராந்தாவில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. நீலம் பாய்ந்திருந்தது. டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், ரப்பர்க் குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடுத்தார், வாயில் வாய் வைத்து ஊதினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் ஒரு மூச்சு வந்தது. பிறகு ஒன்று. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். அதற்கு மேல் இல்லை. மாயக்காள் அதைப் பஞ்சில் சுற்றி, சுற்றிலும் வெந்நீர்ப் பாட்டில்களை வைத்தாள். கண்ணம்மாளுக்கு இரத்தப்போக்கு அப்போதுதான் நின்றிருந்தது. அவள் கண்ணைத் திறந்து யாரையும் கேட்காமல் எங்கள் முகங்களையே பார்த்தாள்.

வெளியே சலசலப்பு கேட்டது. டாக்டரம்மா மாயக்காளைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார், நான் தமிழாக்கினேன், "போ. குட் சொல்லு. மதர் குட், பேபி குட். அவங்க அழுதா இவ கேப்பா." அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நேரத்தில் நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன்.

மாயக்காள் சேலையைச் செருகிக்கொண்டு போனாள். நான் கதவருகே நின்றேன்.

"மதர் இஸ் குட்," என்றாள்.

எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சோலைமலை கேட்டார், "புள்ள?"

"புள்ளைக்கு மூச்சு இருக்கு. இன்னும் பாக்கணும். உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கு. யாரும் அழுகக் கூடாது, அழுதா அந்தப் புள்ளைக்குக் கேக்கும்."

ஒருவரும் அழவில்லை. ஆனால் சோலைமலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். "இந்தத் தடவையும் என்னய ஏமாத்துறீகளா? என்னன்னு சொல்லுங்க!" என்று போட்ட சத்தத்தில் கண்ணம்மாள் எழுந்திருக்க முயன்றாள். நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கொருவராகப் பிடித்தோம். டாக்டரம்மா முகத்தில் வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே ஒரு சொல், அதை ஏன் சொல்லவில்லை, சனிக்கிழமை கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை, இந்தப் பிள்ளை ஒரு வழிக்கு வந்ததும் இவளுக்குக் கொட்டகைதான் என்றார். எல்லாம் இங்கிலீஷில். நான் தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எனக்கும் கோபம். "அந்த ஒரு வார்த்தைய சொன்னா ஒங்க வாய் தேஞ்சா போயிரும்? வேலையக் கெடுத்துக்கிட்டீங்களே மாயக்கா!"

அவள் பாட்டிலில் வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நர்சம்மா, நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அது எங்க வீட்டு ஆளு பேருதான். இங்கிலீசா இருந்தா என்ன? அத ஒரு பொய்யிக்கு எடுத்துக் குடுக்க முடியாது," என்றாள்.

நான் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெந்நீர் கொண்டுவரப் போனேன். 

மத்தியானம் கண்ணம்மாளின் வயிற்றில் வைக்க ஐஸ் வாங்கப் பின்வாசல் வழியாகப் போனபோது நல்லாண்டி வண்டியோடு நின்றிருந்தார். சேதி அவருக்கு எட்டியிருந்தது. "எங்க வீட்டுக்காரி வேலை போச்சாமே நர்சம்மா? ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்ல?" என்று ஆரம்பித்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். குதிரையின் கழுத்தைத் தடவினார். இந்தப் பக்கம் தடவி முடித்துச் சுற்றி வந்து அந்தப் பக்கமும் தடவினார்.

"இம்புட்டு வருசமா என் பேர வாயில எடுக்க மாட்டேங்கறாளே, எதுக்கும் மோசமில்ல மோசமில்லங்கறாளேன்னு நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேன் நர்சம்மா," என்றார். அவ்வளவுதான் பேசினார். 

மாயக்காள் அன்று சாப்பிடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டிலாக மாற்றிக்கொண்டே இருந்தாள். சொட்டுச் சொட்டாகப் பால் விட்டோம். சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளையின் பாதம் சிவந்தது. அஞ்சு மணிக்குக் கையை உதறியது. அஞ்சேகாலுக்கு முகத்தைச் சுருக்கி, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு அழுகை. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், இன்னொரு முறை கேட்டார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையை நெஞ்சில் போட்டதும் கண்ணம்மாள் பால் கொடுத்தாள், அது உறிஞ்சியது.

யாரும் போகச் சொல்லவில்லை. மாயக்காளே போனாள். சேலையைச் செருகவில்லை, தலையை ஒதுக்கவில்லை. அப்படியே போய் நின்று, "பேபி இஸ் குட்," என்றாள்.

காலையில் கதவை உடைக்க வந்த சோலைமலை இப்போது உள்ளே பார்க்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. "சரி தாயி," என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் டாக்டரம்மா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. வியாழக்கிழமை காலையில் மாயக்காள் கொட்டகைக்குப் போனாள். அன்றைக்கு 'குட் மார்னிங்' சொல்ல வார்டில் ஆளில்லை. டாக்டரம்மா வாசலில் வந்து இரண்டு தடவை நின்றார், காப்பி குடிப்பதா உள்ளே போவதா என்று தெரியாமல். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பூக்காரர் வீட்டுப் பிரசவம். பெண் குழந்தை, ஒரு சிக்கலும் இல்லை. சேதி சொல்ல ஆயா இல்லாததால் டாக்டரம்மாவே கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"மதர் குட். பேபி குட்," என்றார் டாக்டரம்மா, சிரித்த முகமாக.

எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் உட்காரவில்லை. ஒருவர் முகமும் மாறவில்லை. டாக்டரம்மாவுக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பூக்காரரிடம் கேட்டேன், "என்னய்யா, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கள்ல?"

"இல்லம்மா, சொன்னது சரிதான். அந்த நெட்டையான ஆயா இன்னும் வரலியே," என்றார் அவர். "மூணு நாளா இங்கனதான கெடக்கோம். அந்தச் சோலைமலை ஆளுக சொல்லிட்டுப் போனாங்க, அந்தம்மா வந்து சொன்னாத்தான் உண்மைன்னு. செத்த நேரம் ஆனாலும் பரவால்ல, நிக்கிறோம்."

நான் இதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். டாக்டரம்மா கை துடைத்த துண்டை என்னிடம் கொடுத்தார். பிறகு தானே பின்பக்கம் நடந்தார். பத்து வருஷம் அவரோடு வேலை பார்த்தேன், கொட்டகைப் பக்கம் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

"மாயக்கா! கம். தே வான்ட் யூ."

மாயக்காள் கையெல்லாம் சோப்பு நுரையோடு வந்தாள். நான் சொல்லி விஷயம் புரிந்ததும் எல்லோரையும் தாண்டி நேராக உள்ளே போனாள். டாக்டரம்மா இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நான் சொல்லியும் நிற்கவில்லை. கையைக் கழுவினாள், பெற்றவளின் நெற்றியைத் தொட்டாள், அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள், பிள்ளையை அவிழ்த்துப் புரட்டிப் பார்த்துத் திரும்பச் சுற்றினாள். அதுவரை பத்துப் பன்னிரண்டு பேரும், அவர்களோடு டாக்டரம்மாவும் நானும், வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தோம்.

பிறகு அவள் கதவுக்கு வந்தாள்.

"மதர் இஸ் குட். பேபி இஸ் குட்."

வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மாவும் பூக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் மாயக்காளின் காகிதமும் பேனாவும் கேட்டார்.